மனை தாண்டும் மழைநீர்

ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி. அதன்மேல் ஒரு மணி நேரத்தில் 6 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறத்தாழ 13,400 லிட்டர். கோடையில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றை வாசலில் கவிழ்த்துவிட்டு, மேலும் பத்திருபது குடம் அல்ல, நூறு குடம் ஊற்றியதற்குச் சமம். மண்தரையும் கிணற்றடியும் நாலு மரமும் இருந்த வரை இதில் கணிசமான பங்கு மனைக்குள்ளேயே தங்கியது. மதில் முதல் மதில் வரை சிமெண்டோ டைல்ஸோ போட்டபின் சில நிமிடங்களில் தெருவுக்கு வந்துவிடுகிறது. தெருவில் இருபது மனைகள் இப்படி மாறினால், தெருமுனையில் இருக்கும் இருபத்தோராவது வீட்டுக்காரர் என்ன செய்வார்?

புதிதாக எழும்பும் கட்டடம் ஒவ்வொன்றிடமும் ஒரு நகரம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். உனக்குள் வெள்ளம் வருமா என்பது ஒன்று. உன்னிடமிருந்து எவ்வளவு தண்ணீர், எந்த வேகத்தில் அடுத்தவர் பக்கம் போகும் என்பது மற்றொன்று. சென்னையின் கட்டட அனுமதி நடைமுறை முதல் கேள்வியை ஓரளவு அக்கறையோடு கேட்கிறது. இரண்டாவதை ஓர் எண்ணாக எழுதிக் கேட்பதில்லை. 2015, 2021, 2023 என்று அடுத்தடுத்து வந்த வெள்ளங்களுக்குப் பிறகும், வடிகாலை அகலப்படுத்துவது பற்றித்தான் பேச்சு நடக்கிறதே தவிர, வடிகாலுக்குள் தண்ணீரை அனுப்பும் மனைக்கு வரம்பு விதிப்பது பற்றி இல்லை. புதிய கட்டுமானங்களுக்கான வடிகால் தரம் இந்த இரண்டாம் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மழையின் தீவிரம், நிலத்தின் பரப்பு, விழும் நீரில் வழிந்தோடும் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கினால் வடிகாலுக்கு வரும் உச்ச நீரோட்டம் கிடைக்கும். அயர்லாந்துப் பொறியாளர் தாமஸ் மல்வனி 1851-இல் இந்த வழியைக் காட்டினார். அமெரிக்காவின் ராச்சஸ்டர் நகரில் எமில் குய்க்லிங் 1889-இல் அதை நகர வடிகாலுக்குப் பொருத்தினார். இன்றும் நம் மாநகராட்சிப் பொறியாளர்கள் சிறு வடிகால்களுக்குப் போடுவது பெரும்பாலும் இதே கணக்குதான். பத்து ஏக்கர் நிலத்தில் மணிக்கு 6 செ.மீ. தீவிரத்தில் மழை என்று வைத்துக்கொள்வோம். விழுவதில் பத்தில் மூன்று பங்கு ஓடினால் விநாடிக்குச் சுமார் 200 லிட்டர் வெளியேறும். அதே நிலம் அடுக்குமாடியும் சிமெண்டுத் தளமும் ஆகி, பத்தில் ஒன்பது பங்கு ஓடினால் சுமார் 600 லிட்டர். மழை மாறவில்லை, நிலத்தின் அளவும் மாறவில்லை. வடிகாலின் சுமை மும்மடங்காகிவிட்டது.

வடிகாலை எந்த மழைக்கு ஏற்ப அமைப்பது என்பதை மத்திய அரசின் பொது சுகாதாரப் பொறியியல் அமைப்பு கையேடுகளில் சொல்லிவந்தது. 1993-இல் வந்தது மழைநீருக்கான தனிக் கையேடுகூட அல்ல. கழிவுநீர்க் கையேட்டுக்குள் ஒரு பகுதி. ஓரக் குடியிருப்புகளில் ஆண்டுக்கு இருமுறையும், மையக் குடியிருப்புகளில் ஒருமுறையும், வணிகப் பகுதிகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் வடிகால் தாங்காமல் போகலாம் என்று அது ஏற்றுக்கொண்டது. அதாவது ஊரின் ஓரத்தில் மலிவான மனை வாங்கியவர் வீட்டு முன்னால் ஆண்டுக்கு இருமுறை தண்ணீர் நிற்பது, வகுத்துவைத்த தரத்தின்படியே சரி. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நகர வெள்ளத்துக்கென வழிகாட்டுதல்களை 2010-இல்தான் வெளியிட்டது. மழைநீர் வடிகாலுக்கென்று தனிக் கையேடு வந்தது 2019-இல். பெருநகர மையங்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழையை அது அளவுகோலாக்கியது.

"ஐந்தாண்டு மழை", "நூறாண்டு மழை" என்ற சொற்கள் சாதாரண வாசகரைத் தவறான நிம்மதியில் ஆழ்த்துகின்றன. நூறாண்டு மழை நூறு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வந்துபோகும் விருந்தாளி அல்ல. ஒவ்வோர் ஆண்டும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு. இருபது ஆண்டு வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் ஒரு முறையாவது அது வந்துவிடும் வாய்ப்பு 18 விழுக்காடு. இருபத்தைந்து ஆண்டு மழை என்றால் அதே காலத்தில் 56 விழுக்காடு. அந்த விகிதங்களும்கூடப் பழைய மழைப்பதிவுகளை வைத்துக் கணித்தவை. கடல் சூடேறிவரும் காலத்தில் பழைய பதிவை மட்டும் நம்புவது போதாது.

கையேடு வடிகாலின் தரத்தை உயர்த்தியது நல்ல செய்திதான். ஆனால் ஐந்தாண்டு மழைக்கென்று கட்டிய வடிகாலின் மேல்பக்கத்தில் நிலங்கள் சிமெண்டாக மாறிக்கொண்டே இருந்தால், சில ஆண்டுகளில் அதே வடிகால் இரண்டாண்டு மழையைக்கூடத் தாங்காது. கோசஸ்தலையாறு வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன், கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மன் வளர்ச்சி வங்கிக் கடன் என்று வாங்கிப் பெரும் பணத்தில் வடிகால் கட்டுகிறோம். கடனை அடைத்து முடிப்பதற்கு முன்பே வடிகால் சிறுத்துப்போகாமல் காக்க, அதில் தண்ணீர் விடும் மனைகளுக்கு ஒரு கட்டு வேண்டாமா?

இப்போதைய நடைமுறையைப் பார்ப்போம். பெரிய மனைப்பிரிவுக்கோ அடுக்குமாடிக்கோ திட்ட அனுமதி கேட்டால், வெள்ளப் பாதிப்பு நோக்கில் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படும். துறைப் பொறியாளர்கள் இடத்தைப் பார்த்து, அருகிலுள்ள ஏரி, கால்வாய், ஆற்றின் உச்ச வெள்ளமட்டத்தைக் கணக்கிட்டு, நிபந்தனைகளோடு சான்று தருவார்கள். கால்வாயின் அகலத்தைக் குறைக்கக் கூடாது, உள்வடிகால் அமைக்க வேண்டும், மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்பவை அவற்றில் இருக்கும். வழக்கமாக வரும் இன்னொரு நிபந்தனை, மனையின் தரைமட்டத்தை உச்ச வெள்ளமட்டத்துக்கு மேலே உயர்த்த வேண்டும் என்பது. லாரி லாரியாக மண் வந்து இறங்குகிறது, மனை மேடாகிறது, அங்கு குடிவருபவர் பிழைத்தார்.

பக்கத்தில் இருப்பவர்? ஓர் ஏக்கர் தாழ்நிலத்தை மூன்றடி உயர்த்தினால், வெள்ளக் காலத்தில் அங்கே நின்றிருக்கக்கூடிய 37 லட்சம் லிட்டர் தண்ணீருக்கு இடமில்லாமல் போகிறது. பத்து ஏக்கர் என்றால் 3.7 கோடி லிட்டர். தண்ணீர் மறைந்துவிடாது, முன்பே குடியிருந்தவரின் தெருவுக்கும் கூடத்துக்கும் போகும். தடையின்மைச் சான்று வாங்கி, ஒவ்வொரு நிபந்தனையையும் நேர்மையாக நிறைவேற்றிய கட்டுமானமே இந்த விளைவை உண்டாக்க முடியும் என்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. ஆக்கிரமிப்பைப் பற்றியும் லஞ்சத்தைப் பற்றியும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். விதியை முழுக்க மதித்தாலும் ஊர் மூழ்கும் என்றால் விதியைத்தான் மாற்ற வேண்டும்.

பின்னால் வந்தவர் மேடாக்கியதால் முன்னால் வந்தவர் பள்ளத்தில் நிற்பதைச் சென்னையில் எங்கும் பார்க்கலாம். சாலையை ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே போட்டுப் போட்டு, எண்பதுகளில் கட்டிய வீடுகளின் வாசல்கள் சாலைக்குக் கீழே போய்விட்டன. வசதியுள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். நகரில் அது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. வசதியில்லாதவர்கள் வாசற்படியில் செங்கல் அணை கட்டிவிட்டு மோட்டாரோடு காத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைத் தாண்டிப் போகக் கூடாது. கட்டடம் வருவதற்கு முன் நிலம் தண்ணீரை உறிஞ்சியது என்று பொதுவாகச் சொல்கிறோம். சென்னையின் மழை அப்படி எளிதான மழை அல்ல. ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. பெருமழை வரும் நாளில் மண் ஏற்கெனவே ஊறிப்போய், கிணறுகளில் நீர் மேலே வந்திருக்கும். 2015 நவம்பரில் சென்னையில் நூறு செ.மீ. அளவுக்கு மழை பெய்து முடிந்திருந்த நிலையில்தான் டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அந்த இரவில் எந்த மண்ணும் உறிஞ்சியிருக்காது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிகளின் மிகைநீரும் அடையாற்றுக்குத்தான் வந்தது. அவற்றுக்கு வழியில் நின்று இளைப்பாற இடம் குறைந்துபோயிருந்தது.

அப்படியானால் பழைய நிலம் என்ன செய்தது? நிறுத்திவைத்தது. வயலின் வரப்பு முக்கால் அடி உயரம் இருந்தால், அந்த உயரம் வரை மழையை வயல் ஏந்திக்கொண்டு மெதுவாக விட்டது. வயலை மீறியது ஏரிக்குப் போனது. ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக, கலங்கலின் அகலம் அனுமதித்த வேகத்தில் மட்டும், போக்குக் கால்வாயில் இறங்கி அடுத்த ஏரிக்குச் சென்றது. காஞ்சிபுரம், செங்கல்பட்டுச் சீமையின் ஏரித்தொடர் முழுவதும் இப்படி ஒன்றின் மிகைநீர் மற்றொன்றின் வரத்தாக அமைந்த ஏற்பாடு. கலங்கல் என்பது கல்லில் கட்டிய வெளியேற்ற வரம்பு. மேலூர்க்காரர் கலங்கலை இடித்துத் தாழ்த்தினால் கீழூர்க்காரர் சண்டைக்கு வருவார். உயர்த்தினால் மேலே நிலம் மூழ்கும். இருவருக்கும் நடுவில் ஒரு மட்டம் நிலைபெற்றிருந்தது. வயல்களை மனையாக்கியபோது இந்த நிறுத்திவைக்கும் அளவை எங்கேயும் ஈடுசெய்யாமல் விட்டோம். நகரமே ஏரியை மனையாக்கிய வரலாறும் உண்டு: 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது.

மழைநீர் சேகரிப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். 2003-இல் தமிழ்நாடு அதை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீருக்கு அது செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உறைகிணறும் கசிவுக் குழியும் வெள்ளத் தடுப்பு ஆகிவிடாது. சேகரிப்புத் தொட்டி நிறைந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். வெள்ளத்தைத் தணிக்கும் தொட்டியோ அடுத்த மழைக்கு முன் காலியாக இருக்க வேண்டும். திருவான்மியூர் மணலில் இறங்கும் வேகத்தில் வேளச்சேரிக் களிமண்ணில் தண்ணீர் இறங்காது. நவம்பர் கடைசியில் உறைகிணறு விளிம்பு வரை நின்றுகொண்டிருக்கும்போது அதில் இன்னும் ஊற்ற முடியாது. இரண்டும் தேவை, ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதற்கும் கணக்குக் காட்டக் கூடாது.

பிற நகரங்கள் இந்த இரண்டாம் கேள்வியை எண்ணாக எழுதிவிட்டன. 2010-இல் ஆர்ச்சர்ட் சாலை மூழ்கியபின் சிங்கப்பூர் தன் வடிகால் விதித்தொகுப்பைத் திருத்தியது. 2014 முதல், 0.2 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தில் புதிதாகக் கட்டுபவர், பத்தாண்டு மழையில் தன் இடத்திலிருந்து வெளியேறும் உச்ச ஓட்டத்தை, விழும் மழையில் நூற்றுக்கு 55 பங்கு மட்டுமே ஓடும் ஒரு நிலத்தின் அளவுக்குள் அடக்க வேண்டும். எப்படி அடக்குவது என்பது அவர் விருப்பம்: நிலத்தடித் தொட்டி, மொட்டைமாடித் தோட்டம், தாழ்ந்த புல்வெளி. 0.2 ஹெக்டேர் என்பது ஒன்பது கிரவுண்டு. நம் ஊரில் மூன்று மாடி, நான்கு மாடிக் குடியிருப்பு எழும்பும் அளவுதான்.

ஹூஸ்டன் இன்னும் பொருத்தமான உதாரணம். நம்மைப் போலவே தட்டையான கடலோர நகரம், களிமண், புயல் மழை, கட்டுப்பாடின்றி விரிந்த மனைப்பிரிவுகள். நாற்பதுகளில் நகருக்கு மேற்கே கட்டிய ஆடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்களின் நீர்ப்பரப்புக்குள்ளேயே பின்னர் வீடுகள் எழுந்தன. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது அந்த வீடுகளும் மூழ்கின. நீர் திறந்துவிடப்பட்டபோது கீழே இருந்தவர்களின் வீடுகளும் மூழ்கின. மறு ஆண்டே அமெரிக்க வானிலை நிறுவனம் டெக்சாசின் மழை அட்டவணையைத் திருத்தியது. ஹூஸ்டன் பகுதியில் 24 மணி நேர நூறாண்டு மழை 13 அங்குலம் என்றிருந்தது, சில இடங்களில் 18 அங்குலம் வரை உயர்ந்தது. அதே 2018-இல், வெள்ளச் சமவெளியில் கட்டும் புது வீடு ஐந்நூறாண்டு வெள்ளமட்டத்துக்கு இரண்டடி மேலே நிற்க வேண்டும் என்று நகர மன்றம் 9-க்கு 7 என்ற வாக்கில் தீர்மானித்தது. வீட்டு விலை ஏறும் என்ற எதிர்ப்பு கடுமையாக இருந்ததை அந்த வாக்கு வித்தியாசமே காட்டும்.

மேடாக்கு என்று சொன்னதோடு ஹூஸ்டன் நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நூறாண்டு வெள்ளச் சமவெளிக்குள் எவ்வளவு மண் கொட்டினாயோ அவ்வளவு மண்ணை அங்கேயே வெட்டி எடுத்து, தண்ணீருக்கான இடத்தைத் திருப்பிக் கொடு என்பது அங்கே விதி. சென்னைக்கு உடனடியாகத் தேவையான ஒற்றை விதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் மாவட்டத்தின் நிர்வாகம் இன்னோர் எண்ணையும் வைத்திருக்கிறது: புதிய கட்டுமானம் ஒவ்வோர் ஏக்கருக்கும் குறைந்தது 0.65 ஏக்கர்-அடி நீரை நிறுத்திவைக்க இடம் ஒதுக்க வேண்டும். நிலம் முழுவதும் பரப்பினால் ஏறத்தாழ 20 செ.மீ. உயரம். செங்கல்பட்டு வயல் வரப்பின் உயரத்துக்கு மிக நெருக்கமான அளவு இது.

இதற்கெல்லாம் இடம் ஏது, மனை விலை எங்கே போகும் என்று கட்டுமானத் துறையினர் கேட்பார்கள். நியாயமான கேள்வி, சாதாரணக் குடும்பங்கள் வீடு வாங்க முடியாத நகரில் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. பத்து ஏக்கரில் 20 செ.மீ. என்றால் ஏறத்தாழ 8,100 கன மீட்டர், அதாவது 81 லட்சம் லிட்டர். இரண்டு மீட்டர் ஆழத்தில் நிறுத்தினால் ஓர் ஏக்கர் பிடிக்கும். மனையில் பத்தில் ஒரு பங்கு. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். அந்த இடம் இன்று பெரும்பாலும் சாலைமட்டத்துக்கோ அதற்கு மேலோ மண் நிரப்பிய பூங்காவாகிறது. அதையே தாழ்வாக அமைத்து, மழைநாளில் குளமாகவும் மற்ற நாளில் விளையாட்டுத் திடலாகவும் வைத்தால் கூடுதல் நிலமே வேண்டாம். மாநகராட்சி சில பூங்காக்களில் குளம் வெட்டி ஸ்பாஞ்ச் பூங்கா என்று அமைத்துவருவது இதே திசைதான். நவம்பரில் நிலத்தடி நீர் ஒரு மீட்டர் ஆழத்துக்கு வந்துவிடும் தாழ்நிலங்களில் இரண்டு மீட்டர் பள்ளம் பயன்படாது. அங்கே பரப்பை இரட்டிக்க வேண்டும், அல்லது அங்கே கட்டாமல் விட வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்புகளுக்கு இரண்டாவது விடைதான் சரி என்பேன். 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது ஏறத்தாழ 1,248 ஹெக்டேர்; தென்சென்னையின் மழை ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் முகத்துவாரம் தேடிப் போவதற்கு முன் தங்கும் கடைசிப் பெரிய இடம் அது.

பெரிய மனைகளைக் கட்டுப்படுத்தினால் போதும் என்று நினைப்பதும் தவறு. 3,000 சதுர மீட்டர் முதல் 10,000 வரையிலான இடங்களில், நிலம் ஒதுக்க இயலாதபோது அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். பணத்தில் தண்ணீர் நிற்காது. அந்தப் பணம் அதே ஏரியின் நீர்ப்பிடிப்புக்குள் பள்ளம் வெட்டவே செலவாக வேண்டும் என்ற நிபந்தனையாவது வேண்டும். அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளின் கதை இன்னும் கடினமானது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளைக் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்த 2017-இல் விதி வந்தது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய ஏழைகளைத் தண்டிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த மனைப்பிரிவுகளுக்கு வடிகாலும் நீர் நிறுத்தமும் அமைக்கும் பொறுப்பு, மனை பிரித்து விற்றவரைத் தாண்டி ஊராட்சியின் தலையில் விழுந்துவிட்டது. ஒற்றை வீடு கட்டுபவரிடம் பொறியியல் கணக்குக் கேட்பதும் நடக்காது. அவருக்கு எளிய விதி போதும்: மனையில் குறிப்பிட்ட பங்கு மண்ணாகவே இருக்கட்டும், ஒரு கிரவுண்டுக்கு இத்தனை லிட்டர் என்று ஒரு தொட்டி, அதன் அடியில் மெல்ல ஒழுகும் ஒரு சிறு துளை.

வடிகாலைத் தாண்டிய மழை எங்கே போகும் என்பதற்கும் விதியில் பதில் வேண்டும். ஐந்தாண்டு மழைக்குக் கட்டிய வடிகால் பத்தாண்டு மழையில் நிரம்பி வழியத்தான் செய்யும். வழிவது சாலையில் ஓடிக் கால்வாயை அடையும்படி சாலையின் சரிவை அமைத்து, அந்தப் பாதையில் மதிலோ மேடையோ வராமல் பார்த்துக்கொள்வது மனைப்பிரிவு வரையும்போதே முடியும் வேலை; பிறகு முடியாது. கடலின் குறுக்கீடும் உண்டு. அடையாறும் கூவமும் பக்கிங்காம் கால்வாயும் கடலைத் தொடும் இடங்களில் புயல் நாளில் கடல்மட்டம் ஏறி நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரில் விழுந்த தண்ணீர் வடிய நாள்கணக்கில் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். கடல் வாங்காதபோது எத்தனை அகலமான வடிகாலும் நீளமான தொட்டியாகிவிடுகிறது. அந்தச் சில மணி நேரம் தண்ணீரை மேலேயே பிடித்துவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

20 செ.மீ. நிறுத்திவைக்கும் விதி 49 செ.மீ. மழையை வென்றுவிடாது, 2015 திரும்பி வந்தால் நகரம் மறுபடியும் துன்பப்படும். அந்த விதி தருவது ஆண்டுதோறும் நேரும் அவதியிலிருந்து விடுதலை. பெருவெள்ளத்தில் சில அடி குறைவு, சில மணி நேர அவகாசம். மாடியில்லாத வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரை வெளியே தூக்கிவர அந்த அவகாசம் போதும்.

காகிதத்தில் உள்ள தொட்டி தரையில் இருக்கிறதா என்று யார் பார்ப்பது? பணி நிறைவுச் சான்று தருவதற்கு முன் தரைமட்டத்தையும் பள்ளத்தின் கொள்ளளவையும் வெளியேறும் குழாயின் விட்டத்தையும் அளந்து பதிய வேண்டும். கட்டுநர் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனபின், ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பருக்குள் தூர்வாரியதற்குச் சங்கம் சான்று தர வேண்டும். லிஃப்டுக்கு ஆய்வு இருக்கும்போது இதற்கும் இருக்கலாம். 2021 வெள்ளத்துக்குப் பின் அமைத்த திருப்புகழ் குழு 2023-இல் இறுதி அறிக்கை அளித்தது. இத்தகைய அறிக்கைகளும் நீர்வளத் துறை மனைதோறும் கணக்கிடும் வெள்ளமட்டங்களும் மக்கள் கையில் எளிதாகக் கிடைக்கும்படி இருந்தால், பாதிக்கப்படப்போகும் பக்கத்து வீட்டுக்காரரே முதல் ஆய்வாளர் ஆவார்.

சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது; 2022 அக்டோபரில் 5,904 ஆக விரிவாக்கப்பட்டது. அரக்கோணம் பக்கம் வரை போகும் அந்தப் பரப்பில் நிறைய நிலம் இன்னும் வயல்தான். ஏரிகளில் பல இன்னும் கலங்கலோடு நிற்கின்றன. அடுத்த பெருந்திட்டம் எழுதப்படும் இந்த ஆண்டுகளிலேயே அவற்றின் கலங்கல் மட்டத்தையும் போக்குக் கால்வாயின் அகலத்தையும் அளந்துவிட முடியும். அந்த அளவிலிருந்து, ஏரியின் நீர்ப்பிடிப்புக்குள் வரும் சர்வே எண் ஒவ்வொன்றும் விநாடிக்கு எத்தனை லிட்டர் வெளியேற்றலாம், எத்தனை லிட்டர் நிறுத்திவைக்க வேண்டும் என்று கணக்கிட்டு அரசிதழில் வெளியிடலாம். மனை வாங்குபவர் வில்லங்கச் சான்று எடுக்கும் அன்றே அந்த இரண்டு எண்களும் அவர் கைக்கு வர வேண்டும்.